இல்லாத ஈயை விரட்டுகிறேன், டாக்டர்
கண் மருத்துவர் பதில்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து 57 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பதினெட்டு வயதில் பால் மரம் சீவப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு சில வருடம் உரம் போட்டார். இப்போது பட்டணத்தில் காலை நேரத்துத் தோசைக்கடை நடத்துகிறார். தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கும்போதே கரும்பலகை தெரியாமல் கண்ணாடி போட்டவர். இன்றைக்குப் பவர் மைனஸ் ஏழு. ஒன்பது வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார்.

மூன்று வாரத்துக்கு முன், கல்லில் மாவை ஊற்றும்போது வலது கண் ஓரத்தில் ஒரு ஈ பறந்திருக்கிறது. கரண்டியால் விரட்டினார், போகவில்லை. மறுநாளும் அதே ஈ. “என்ன அக்கா, காத்தோட சண்டை?” என்று கடைக்கு வரும் தோட்டத்து மேற்பார்வையாளர், மண்டோர், கேட்ட பிறகுதான் ஈ கண்ணுக்குள் இருக்கிறது என்பது உறைத்தது. பிறகு அது வளையம்போல ஆனது, சிலந்தி நூல்போல வால் முளைத்தது. இரவில் விளக்கை அணைத்ததும் வலது ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. கண்ணாடிக்கடையில் சோதித்தார்கள், “பவர் மாறல, கண்ணு நல்லா இருக்கு” என்றார்கள். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒத்தச் சொன்னார், உடம்புச் சூடு என்றார். மகள் இணையத்தில் பார்த்துவிட்டு லேசரில் அழித்துவிடலாம் என்கிறார். ஆனால் இவருக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம்: அண்ணனுக்குக் கண்ணில் ஆப்பரேஷன் செய்து பார்வையே போய்விட்டது. தைப்பூசம் வேறு நெருங்குகிறது. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். “அது முடிஞ்சு பார்த்துக்கலாமா, டாக்டர்?” என்பது கேள்வி.

கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “ரெண்டு நாளா மிளகுத்தூள் தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளி நிறைய தெரியுது. வலி இல்லை.”

அம்மா, உங்கள் நான்கு பக்கத்திலும் என்னை எழுந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். கடிதத்தைப் படித்த அன்றே உங்கள் மகளின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பச் சொன்னேன்: காத்திருக்க வேண்டாம், இன்றே கண் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போகவும் என்று. இந்தப் பக்கம் அச்சாகி வரும்போது நீங்கள் போய் வந்திருப்பீர்கள் என்று நம்பித்தான் மீதியை எழுதுகிறேன். போகவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வந்து படித்துக்கொள்ளலாம்.

அந்த ஈ எங்கே இருக்கிறது?

நம் கண் உருண்டையின் பெரும்பகுதியை, ஐந்தில் நான்கு பங்கை, தெளிந்த கூழ் ஒன்று நிரப்பியிருக்கிறது. விட்ரியஸ் என்பார்கள். அளவில் ஏறக்குறைய 4 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் நூல் நூலாகக் கொலாஜன் என்ற புரதம் ஓடுகிறது. சின்ன வயதில் இது நன்றாக உறைந்த அகர் அகர் மாதிரி கட்டியாக இருக்கும். வயதாக ஆக, வெயிலில் வைத்த அகர் அகர் தண்ணீர் விடுவதுபோல நெகிழும். நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கண்ணுக்குள் வரும் வெளிச்சம் அந்தத் திரளில் பட்டு, பின்னால் இருக்கும் விழித்திரையில் நிழல் விழுகிறது. நீங்கள் விரட்டுவது அந்த நிழலை.

ஆகவே ஈ உங்கள் கற்பனை இல்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் இதற்கு வைத்திருந்த பழைய லத்தீன் பெயருக்குப் பொருளே ‘பறக்கும் ஈக்கள்’தான். ஆக, காற்றோடு சண்டை போட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை, மண்டோரிடம் சொல்லுங்கள். இப்போது பலரும் ஃப்ளோட்டர்ஸ் என்கிறார்கள். கண்ணைத் திருப்பினால் கூடவே ஓடும், கண் நின்ற பிறகும் கொஞ்சம் மிதந்து போய் நிற்கும். நேராகப் பார்க்கப் போனால் நழுவும். வெள்ளைச் சுவர், நீல வானம், கைப்பேசித் திரை இவற்றின் முன்னால் நன்றாகத் தெரியும், ஏனென்றால் வெளிச்சத்தில் பாப்பா (கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புத் துளை) சுருங்கும்போது நிழல் கூர்மையாகிறது.

இதுவரை பயப்பட ஒன்றும் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் பாதிப் பேருக்காவது ஏதாவது ஒரு நூலோ புள்ளியோ மிதக்கும். என் வலது கண்ணிலும் ஒன்று இருக்கிறது, நாள்பட்ட கூட்டாளி. வருடக்கணக்காக இருக்கிற, எண்ணிக்கை கூடாத, மின்னல் இல்லாத ஒன்றிரண்டு புள்ளிக்காக யாரும் ஈப்போ வரை ஓட வேண்டியதில்லை. அடுத்த முறை கண் பார்க்கும்போது சொன்னால் போதும்.

உங்கள் கதை அதுவல்ல. நெகிழ்ந்த கூழ் ஒரு கட்டத்தில் விழித்திரையைவிட்டு உரிந்து முன்னால் வருகிறது. பார்வை நரம்பின் வாயைச் சுற்றி ஒட்டியிருந்த இடம் கழன்று வந்தால் வளையமாகத் தெரியும். நீங்கள் எழுதிய வளையம் பெரும்பாலும் அதுதான். உரியும்போது விழித்திரையை இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி வெளிச்சம், அதனால் இழுத்தால் மின்னல் வெட்டுகிறது. நிறையப் பேருக்குக் கூழ் சுத்தமாக உரிந்து வந்துவிடும், மின்னலும் சில வாரத்தில் அடங்கும். ஆனால் சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பிடித்து இழுத்தால் சில சமயம் சுண்ணாம்பும் சேர்ந்து வருமே, அப்படிச் சில கண்ணில் விழித்திரை கிழிந்துவிடுகிறது.

புதிதாகப் புள்ளியும் மின்னலும் வந்து கண் மருத்துவரிடம் போகிறவர்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்குக் கிழிசல் இருக்கிறது. உரியும்போது ரத்தமும் கசிந்திருந்தால் அது பாதிக்கு மேல் போய்விடும். நீங்கள் ‘மிளகுத்தூள்’ என்று எழுதியது ரத்த அணுக்களாக இருக்கலாம், கிழிந்த இடத்திலிருந்து உதிர்ந்த நிறமித் துகளாக இருக்கலாம். கிழிசலை அப்படியே விட்டால், இழுப்பு இருக்கிற கிழிசல்களில் பாதியாவது, கூழ்நீர் உள்ளே புகுந்து விழித்திரை விலகுவதில் முடிகிறது. நேரத்தோடு லேசர் போட்டால் அந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். நான் அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

உங்கள் பக்கம் சில கூடுதல் காரணங்களும் இருக்கின்றன. மைனஸ் ஏழு என்றால் கண் உருண்டை நீளமானது. விழித்திரை ஓரத்தில் மெலிந்திருக்கும், கூழும் சீக்கிரம் உரியும். இனிப்பு நீர் வேறு. மலேசியாவில் 2023ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. ஆறு பேரில் ஒருவர் என்று வையுங்கள். அது முற்றினால் விழித்திரையில் வலுவில்லாத புது ரத்தக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கூழுக்குள் ரத்தம் கொட்டும். புகை, கரும் நூல், தூள் என்று நீங்கள் சொல்வது போலவே தெரியும். கிழிசலா, இனிப்பு நீர் ரத்தமா, இரண்டும் இல்லாமல் வெறும் உரிதலா? உங்களாலும் சொல்ல முடியாது, நான்கு பக்கத்தைப் படித்து என்னாலும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

சூடு, புரை, கண்ணாடிக்கடை

உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது சுகம்தான், குளித்துக்கொள்ளுங்கள், ஆனால் கூழ் அதற்கு மசியாது. நந்தியாவட்டையை என் பாட்டியும் ஒத்தியிருக்கிறார். பூவின் குளிர்ச்சி இமைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குள் அதன் சாற்றையோ தேனையோ தாய்ப்பாலையோ விடவே வேண்டாம். கிருமி போய்க் கருவிழியில் புண்ணான கண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடைச் சொட்டு மருந்து ஈரம் தரும் மருந்தாகத்தான் இருக்கும்; கெடுதல் இல்லை, பயனும் இல்லை. மேலே விடும் சொட்டு கண்ணின் நடுவில் இருக்கும் அந்தக் கூழைக் கலைக்காது. புள்ளியைக் கரைக்கும் மாத்திரை என்று விற்பதற்கும் காசைச் செலவழிக்காதீர்கள்.

கண்ணில் புரை என்றால் எல்லாமே மங்கலாக, புகை மூட்டமாக இருக்கும். இரவில் எதிரே வரும் லாரி விளக்கு சிதறும். ஓடித் திரியும் புள்ளி புரை இல்லை.

கண்ணாடிக்கடையைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், நீங்கள் படித்தீர்கள். எழுத்துப் படிப்பது விழித்திரையின் நட்ட நடுவில் இருக்கும் ஒரு சின்ன இடம். கிழிவதோ பெரும்பாலும் ஓரத்தில். ஓரம் கிழிந்த கண்ணோடு கடைசி வரி வரை படித்தவர்களை எனக்குத் தெரியும். கிளினிக்கில் எட்டு மாதத்துக்கு முன் இனிப்பு நீருக்காகக் கண்ணைப் படம் எடுத்து ‘நல்லா இருக்கு’ என்றார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வருடா வருடம் அதை விடாமல் செய்ததற்குப் பாராட்டு. ஆனால் அந்தப் படம் நடுப்பகுதியைத்தான் பிடிக்கும், அதுவும் எட்டு மாதப் பழசு. மூன்று வாரத்துக்கு முன் நடந்தது அதில் எப்படி இருக்கும்?

அண்ணனின் கண்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். “முதல்ல புள்ளி தெரியுதுன்னாரு. அப்புறம் ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருக்குன்னாரு. மூணு மாசம் கழிச்சுப் போனோம். ஆப்பரேஷன் பண்ணுனாங்க, பார்வை வரல” என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மருத்துவக் குறிப்பைப் பார்க்காமல் யாரையும் நியாயப்படுத்தவோ குற்றம் சொல்லவோ மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன வரிசையைப் பாருங்கள். புள்ளி, பிறகு திரை, பிறகு மூன்று மாதம். விழித்திரை விலகும்போது அப்படித்தான் திரை இறங்கும். விலகிய விழித்திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஊட்டம் நின்றுவிடும். நடுப்பகுதியும் சேர்ந்து விலகி நாள் ஆகிவிட்டால், அறுவை சிகிச்சை அதைத் திரும்ப ஒட்டினாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவதில்லை. அண்ணனின் பார்வையைக் கத்தி எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று மாதம் எடுத்துக்கொண்டதற்கே வாய்ப்பு அதிகம்.

ஒரு காலத்தில் விழித்திரை விலகினால் அநேகமாகப் பார்வை போனதுதான். உயிருள்ள கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்கும் கருவியே 1851இல்தான் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கையில் உருவானது. கிழிசலை மூடினால்தான் விலகல் நிற்கும் என்பதை சுவிட்சர்லாந்தில் ஜூல் கோனான் என்ற மருத்துவர் 1920களில் செய்து காட்டினார். இன்றைக்கு முதல் அறுவை சிகிச்சையிலேயே பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு விழித்திரை ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று. கூடப் பிறந்தவருக்கு விழித்திரை விலகியிருந்தால் உங்களுக்கும் அந்த ஆபத்து சற்றுக் கூடுதல். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க நீங்கள் சொல்லும் காரணத்தை, முதல் ஆளாகப் போவதற்கான காரணமாக நான் எடுத்துக்கொள்கிறேன். அங்கே மருத்துவரிடம் அண்ணனைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன செய்வார்கள்

உங்களுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் ஈப்போ. ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. சாதாரண நாளில் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கித் தேதிக்குக் காத்திருப்பது முறை. உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது. அவசரப் பிரிவுக்கு நேரே போகக் கடிதம் தேவையில்லை. ‘கண் வலிக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். வலது கண்ணில் திடீரென்று புள்ளிகள், மின்னல், இரண்டு நாளாக நிறையப் புதுப் புள்ளி, கிட்டப்பார்வை மைனஸ் ஏழு, அண்ணனுக்கு விழித்திரை விலகியது: இதையே ஒரு தாளில் மகளிடம் மலாயில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். செலவு பெரிதில்லை, குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி என்ற அளவில்தான்.

அங்கே சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிப்பார்கள். அரை மணி நேரம் ஆகும். பிறகு தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர் லென்ஸைப் பிடித்து, மேலே பார், கீழே பார் என்று சொல்லி ஓரம் முழுக்கத் தேடுவார். இமைமேல் ஒரு சிறு கம்பியை வைத்து அழுத்தவும் செய்வார்; கொஞ்சம் அசௌகரியம், பொறுத்துக்கொள்ளுங்கள், கிழிசல் ஒளிந்திருக்கும் இடம் அப்படித்தான் தெரியும். ரத்தம் மறைத்தால் ஸ்கேன் எடுப்பார்கள். பார்வை நாலைந்து மணி நேரம் கூசும், பக்கத்தில் எழுத்துத் தெரியாது.

மருத்துவர் சொன்னது புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம், தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லலாம். எதற்காவது கையெழுத்துக் கேட்டால் என்ன செய்யப் போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்ட பிறகு போடுங்கள். அது உங்கள் உரிமை. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அண்ணன் விஷயத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

கிழிசல் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உரிதல் முழுமையாக முடியாமல் இருக்கலாம், பின்னால் கிழியலாம். நாலு முதல் ஆறு வாரத்தில் திரும்பப் பார்க்கத் தேதி கொடுப்பார்கள், அதற்குப் போங்கள். நடுவில் புள்ளி திடீரென்று பெருகினாலோ, மின்னல் கூடினாலோ, ஒரு பக்கத்திலிருந்து கருந்திரை இறங்கினாலோ தேதியைப் பார்க்காமல் அன்றே கிளம்புங்கள். தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்தி மற்ற கண்ணால் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

மகள் சொல்லும் லேசர்

லேசர் இரண்டு விதம், மகள் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஒன்று, கிழிசலைச் சுற்றி வேலி போடும் லேசர். உட்கார வைத்தே, கண்ணை மரக்க வைத்துப் போடுவார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். வடு நன்றாகப் பிடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். அது பார்வையைக் காப்பாற்றும், ஆனால் ஈயை விரட்டாது. லேசர் போட்ட பிறகும் புள்ளி தெரிகிறதே என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

இன்னொன்று, மிதக்கும் திரளையே உடைக்கும் லேசர். தனியார் இடங்களில் செய்கிறார்கள். எல்லாப் புள்ளிக்கும் அது ஒத்துவராது, பலன் பற்றிய ஆதாரமும் இன்னும் வலுவாக இல்லை. கூழையே வெளியே எடுக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது; புள்ளி போய்விடும், ஆனால் புரை சீக்கிரம் வரும், விழித்திரை விலகலாம், அரிதாகக் கண்ணுக்குள் கிருமி புகலாம். வெறும் தொந்தரவுக்காக அந்த விலையை நான் கொடுக்கமாட்டேன். சில மாதத்தில் திரள் கீழே இறங்கிவிடும், மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வண்டி ஓட்டவோ படிக்கவோ முடியாத அளவுக்கு நிலைத்துவிட்டால் அப்போது பேசலாம்.

தைப்பூசம்

முருகனிடம் தவணை கேட்கலாம், விழித்திரையிடம் கேட்க முடியாது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் பால்குடம் எடுக்கலாமா என்று பார்த்த மருத்துவரிடமே கேளுங்கள். லேசர் போட்டிருந்தால் இந்த வருடம் மகள் எடுக்கட்டும், நீங்கள் கூட நடந்து போங்கள். விரதத்துக்காகச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு இனிப்பு நீர் மாத்திரையை மட்டும் போடும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், நடைபாதையில் மயங்கி விழுவீர்கள்.

போகிற அன்றும் சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டே போங்கள், காத்திருப்பு நீளும். இனிப்பு நீர்ப் புத்தகம், மாத்திரை அட்டைகள், பழைய கண்ணாடி எல்லாம் பையில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே நிறுத்துங்கள். பாப்பா விரிந்த கண்ணோடு திரும்பி ஓட்ட முடியாது. மகனோ மகளோ காரில் வரட்டும், வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாள் மூடுங்கள். மண்டோருக்கு வேறு எங்காவது தோசை கிடைக்கும்.